கோபுரம் இருந்த இடம்

சனிக்கிழமை சவுனா என்கிற நீராவிக் குளியலுக்கு என் தம்பி ஆர்வோ தாமதமாக வந்ததாகச் சரித்திரமே கிடையாது. எங்கள் அப்பாவை அடக்கம் செய்ததும் ஒரு சனிக்கிழமைதான். கல்லறையிலிருந்து நேராக வந்து, கறுப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்கார்ந்தவன் அவன். அதனால் அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமை சாயங்காலம் அவன் மனைவி சைமி கதவைக்கூடத் தட்டாமல் என் சமையலறைக்குள் வந்து நின்றபோது, அவள் முகத்தைப் பார்த்ததுமே அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தேன்.

"ஹெல்வி, சவுனா கல்லு காஞ்சு ஒரு மணி நேரமாச்சு. உன் தம்பியைக் காணோம்."

"எங்க போனான்?"

"எங்க போவாரு? ஏரி மேலதான். மீன் பிடிக்க."

"உன் வீட்டுப் பக்கத்துக் கரையிலதானே ஐஸ்மேல மீன்பிடிக் குடிசை போட்டிருந்தான்? அங்கேருந்து நடந்தா உன் வீட்டு வாசல்தானே?"

சைமி கையுறையைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள். "அந்தக் கரையில காத்தடிச்சு ஐஸ் உடைஞ்சுபோச்சு. நேத்துதான் குடிசையை இழுத்துக்கிட்டு கலங்கரை விளக்க முனைக்கு எதிர்ல வந்தாரு. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாரு."

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஏரி தெரியவில்லை. பக்கத்து வீட்டு வேலிகூடத் தெரியவில்லை. சுப்பீரியர் ஏரிமேல் இருந்து பனி படுக்கைவாட்டில் வந்துகொண்டிருந்தது.

மீட்புப் படைக்கு அவள் ஏற்கெனவே போன் செய்துவிட்டாள். கிளம்பிவிட்டார்களாம், ஆனால் மாவட்டச் சாலை மூடிக் கிடக்கிறதாம். ஊரில் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வைத்திருக்கிற பயல்கள் அத்தனை பேரும் பந்தயம் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு கிழவிகள்தான்.

"கோபுரத்து விளக்கைப் போடு ஹெல்வி. சாவி உன்கிட்டதானே இருக்கு? வெளிச்சம் தெரிஞ்சா வந்துடுவாரு."

சாவி என்னிடம்தான் இருந்தது. அதுதான் எங்கள் குடும்பத்துச் சண்டையே.

எங்கள் ஊர் ஓட்டர் முனையில் ஐஸ்மேல் நடக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மலைமேல் தேவாலயத்தின் உச்சியில் ஒரு விளக்கு எரியும். அதற்குக் கீழே, கரையில் கலங்கரை விளக்கக் கோபுரம். ஏரியிலிருந்து திரும்பும்போது இந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு நடந்தால் கெட்டியான ஐஸ்மேலேயே கரையேறலாம். தெற்கே விலகினால் ஆறு வந்து ஏரியில் விழுகிற இடம். அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே எந்தக் குளிரிலும் ஐஸ் தகடுதான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஊரே அலங்காரம் கழற்றிய மரங்களைக் கரையில் கொண்டுவந்து போடும். ஆர்வோ அவற்றை அந்தக் கோட்டின்மேல் வரிசையாக ஐஸில் துளையிட்டு நட்டுவைப்பான். பனி கண்ணை மறைத்தாலும் மரத்துக்கு மரம் தாவி வீடு வந்து சேரலாம். வருஷா வருஷம் அது அவன் வேலை. வேறு யாரும் கைவைத்தால் கடித்துவிடுவான்.

இந்த வருஷம் அவன் ஒரு மரம்கூட நடவில்லை. காரணம் நான்.

ஏரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்று கோபுரத்தின் காலடிக்கே வந்துவிட்டது. கலங்கரை விளக்கச் சங்கத்துக்கு நான்தான் தலைவி. ஆப்பிள் பை விற்றோம், மெத்தை தைத்து விற்றோம், ஞாயிற்றுக்கிழமைகளில் பான்கேக் சுட்டுச் சுட்டு என் கை வெந்துபோனது. போன செப்டம்பரில் கோபுரத்தை அப்படியே தூக்கி, சோப்புத் தடவிய இரும்புத் தண்டவாளத்தின்மேல் வழுக்கவிட்டு, பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோனோம். ஊரே கைதட்டியது. ஆர்வோ வரவில்லை. சைமியையும் விடவில்லை. அதற்கு முன்பே ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டான்: "நகர்ந்து போச்சுன்னா அதுக்குப் பேர் கோபுரமா? தள்ளுவண்டி." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "நீ வேணா கீழ நின்னு முட்டுக் குடு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. சைமியிடம் மட்டும் கேட்பானாம், "தலைவி சௌக்கியமா?" என்று. அக்கா என்ற சொல்லை அவன் வாயால் கேட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கோபுரத்துக்குப் போகிற சாலையில் கல்லறை வரைக்கும்தான் பனி வாரியிருந்தார்கள். காரை அங்கே விட்டுவிட்டு, பனியில் புதையாத அகலக் காலணிகளை மாட்டிக்கொண்டு நடந்தோம். பேரன்களின் சறுக்குப் பலகையை நான் இழுத்தேன். அதில் ஒரு பெட்ரோமாக்ஸ், கயிறு, கம்பளி, காபி பிளாஸ்க். கோடையில் இதே வழியில் ஐஸ்கிரீம் வண்டி நிற்கும், குழந்தைகள் கத்தும். இப்போது நான் எழுதி வைத்த 'மே மாதம் வரை மூடப்பட்டுள்ளது' பலகையின் உச்சி மட்டும் பனிக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"அவருக்கு ஒண்ணும் ஆகாது இல்ல?" சைமிக்கு மூச்சு வாங்கியது.

"ஆகாது. அந்தப் பீடையை ஏரி வாங்கிக்காது."

"வாயை மூடுடி." ஆனால் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "நீ ஒரு தடவை வீட்டுக்கு வந்திருக்கலாம் ஹெல்வி. ஒரே ஒரு தடவை."

"வந்து? மன்னிப்பு கேக்கணுமா? எதுக்கு? கோபுரம் விழாம காப்பாத்தினதுக்கா?"

"உனக்கு ஜெயிக்கணும். அவருக்குத் தோக்கக் கூடாது. நடுவுல நான் ரெண்டு பேருக்கும் காபி போட்டே சாகணும்."

நான் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். காற்று ஒரு பக்கமாகத் தள்ளியது. காட்டைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்தபோது முகத்தில் மணல் எறிந்தது போல் இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளையாகக் கோபுரம் நின்றது.

பூட்டு உறைந்து கிடந்தது. சாவி உள்ளே போகவே இல்லை. ஊதினேன், தட்டினேன், கடைசியில் பிளாஸ்க்கைத் திறந்து சூடான காபியை அதன்மேல் ஊற்றினேன். நல்ல காபி. சாவி திரும்பியது. இருட்டில் சுழல்படிகளில் சைமி எனக்கு முன்னால் ஏறினாள். இரண்டு முழங்காலிலும் வலி உள்ளவள், அன்றைக்கு அந்தப் படியை அவள் ஓடித்தான் ஏறினாள்.

குழாய்கள் உறையாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறோம், அதனால் மின்சாரம் இருந்தது. சைமி சுவிட்சைத் தட்டினாள். பெரிய கண்ணாடிக்குள் விளக்கு பிடித்துக்கொண்டது. வெளிச்சம் ஏரிமேல் நீண்டு போனது. அவள் கைகூப்பி நின்று, எங்கள் பாட்டன் பூட்டன் பேசிய ஃபின்னிஷ் மொழியில் ஏதோ முணுமுணுத்தாள்.

நாங்கள் வெளி வராந்தாவுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பனி அலை அலையாகத்தான் வரும். ஒரு அலை கடந்து, கொஞ்சம் விலகியது. தூரத்தில், ஐஸ்மேல், ஒரு பொட்டு வெளிச்சம் அசைந்தது.

"அவருதான்! நெத்தி விளக்கு! ஹெல்வி, அவருதான்!" என் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்துட்டாரு! நேரா நம்மளைப் பாத்துத்தான் வர்றாரு!"

நேராகத்தான் வந்தான். அதுதான் எனக்கு முதலில் உறைக்கவில்லை. நேராக. நான் திரும்பி மலைப்பக்கம் பார்த்தேன். தேவாலய விளக்கு மங்கலாகத் தெரிந்தது. மறுபடி ஏரியைப் பார்த்தேன். அவனுக்கும் எங்களுக்கும் நடுவே, கோபுரத்துக்கு நேர் எதிரே, ஐஸின் நிறம் கறுத்திருந்தது.

சுவரில் இரண்டு ஆணி அடித்து அதன்வழியே நூல் இழுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆணியைப் பிடுங்கிப் பக்கத்தில் அடித்தால் நூல் திசை மாறிவிடும். நாங்கள் பிடுங்கி அடித்திருந்தோம்.

"சைமி, கோபுரத்தை எங்க வெச்சிருக்கோம்னு அவனுக்குத் தெரியுமா?"

"என்ன கேள்வி இது? பின்னால இழுத்து வெச்சிருக்கீங்கன்னு ஊருக்கே தெரியும்."

"நேர் பின்னாலன்னா நினைச்சுக்கிட்டிருக்கான்?"

"நேர் பின்னாலதானே? முதல்ல அப்படித்தானே பேச்சு?"

முதலில் அப்படித்தான் பேச்சு. தோண்டிப் பார்த்தபோது பின்னால் சதுப்பு. அதனால் தெற்கே தள்ளி, கெட்டிப் பாறைமேல் வைத்தோம். அந்த முடிவு எடுத்த கூட்டத்துக்கு ஆர்வோ வரவில்லை. அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. நேர் பின்னால் போயிருந்தால் கோடு மாறியிருக்காது. அவன் அந்தப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு, தேவாலயத்தையும் கோபுரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஆற்று வாயை நோக்கி ஒழுங்காக நடந்து வந்துகொண்டிருந்தான்.

"அணை" என்றேன்.

"என்னது?"

"விளக்கை அணை. இந்த வெளிச்சம் அவனை ஆத்துக்குள்ள இழுக்குது."

சைமி உள்ளே ஓடி, சுவிட்சுக்கு முன்னால் போய் முதுகைக் கொடுத்து நின்றாள். "தொட்டே, உன்னைத் தள்ளி விட்டுடுவேன். இந்தப் பனியில ஒரு மனுஷனை இருட்டுல விடுறதா?"

"வெளிச்சத்துல விட்டா செத்துருவான்டி!"

"உன் பேச்சைக் கேட்டுத்தான் ஊரே இந்தக் கோபுரத்தை நகர்த்துச்சு! இப்பவும் உன் பேச்சைத்தான் கேக்கணுமா?"

அடிபட்ட மாதிரி இருந்தது. ஆனால் அடியை எண்ண நேரமில்லை. அவள் தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். "அங்க பாரு. கறுப்பா தெரியுதே, அது என்ன? நீயே சொல்லு. நான் சொல்லலை."

அவளும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். கடைசியில் அணைத்தது அவள்தான்.

இருட்டு வந்தது. ஏரிமேல் அந்தப் பொட்டு வெளிச்சம் நின்றது. கொஞ்சம் இடப்பக்கம் போனது, கொஞ்சம் வலப்பக்கம் வந்தது. அப்புறம் பனி மூடிவிட்டது.

"இனிமே என்ன பண்றது?" சைமி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"பழைய கோபுரத்தைப் போடணும்."

கோபுரம் முன்பு இருந்த இடத்தில் அடித்தளக் கற்கள் மட்டும் மிச்சம் இருந்தன. இலையுதிர்காலப் புயலில் அதிலும் பாதி கீழே ஏரிக்குப் போய்விட்டது. மீதி ஓரத்தில் தொங்கியது. சுற்றிலும் வேலி போட்டு, 'விளிம்பு சரியும், அருகே வராதீர்கள்' என்று பலகை வைத்தது நான்தான். அந்தப் பலகையைத் தாண்டி நானே காலை வைத்தேன். இடுப்பில் கயிறு. மறுமுனையை சைமி பழைய எண்ணெய்க் கிடங்கின் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டாள்.

பெட்ரோமாக்ஸைப் பற்றவைக்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை. தீக்குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கோட்டுக்குள் விளக்கை வைத்துக்கொண்டு குனிந்து பற்றவைத்தேன். மேன்டில் புஸ்ஸென்று பிடித்தது. கொஞ்சம் தலைமயிரும் கருகியது.

தூக்கிப் பிடித்து, கடைசிக் கல்மேல் ஏறி நின்றேன்.

ஆட்டிக் காட்டத்தான் கை துடித்தது. யாருக்குத்தான் துடிக்காது? இங்கே வா, இங்கே வா என்று. ஆனால் ஐஸ்மேல் நிற்பவன் கண்ணால் யோசித்துப் பார்த்தேன். அசைகிற வெளிச்சம் என்றால் ஆள். யாரோ விளக்கோடு நடக்கிறார்கள், அவ்வளவுதான். அதை நம்பி எவனும் கோடு பிடிக்கமாட்டான். அசையாமல் நின்றால்தான் அது கோபுரம். நான் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் அவனைப் பொய்யான பாதையில் அனுப்பியதாகிவிடும்.

நின்றேன். கை மரத்தது. மறுகையால் முழங்கையைத் தாங்கினேன். ஊரிலேயே பெரிய வாய் எனக்கு, கத்தக்கூட முடியவில்லை. எதிர்க்காற்று வார்த்தையை வாய்க்குள்ளேயே திணித்தது. காலுக்குக் கீழே ஏதோ உதிர்ந்து உருண்டு போகிற சத்தம் கேட்டது. பின்னால் சைமி அலறினாள்.

"ஹெல்வி! பக்கத்துல இருந்த கல்லு போயிடுச்சு! திரும்பி வா!"

"கயிறைப் பிடி!"

"திரும்பி வாடி, ரெண்டு பேரையும் என்னால தூக்க முடியாது!"

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. தொடை நடுங்கியது, அந்த நடுக்கம் விளக்குக்கு ஏறிவிடுமோ என்றுதான் அதைவிடப் பயமாக இருந்தது. அவன் பிறந்தபோது எனக்கு ஏழு வயது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இதே மேட்டில் நின்று அப்பாவின் படகு வருகிறதா என்று பார்த்திருக்கிறேன். அப்போதும் அவன் கனம்தான். கடவுளே, ஒரு தள்ளுவண்டிக்காகவா என்று நினைத்தேன். அவன் சொன்ன வார்த்தையைத்தான் நானும் நினைத்தேன்.

பனி விலகியது. பொட்டு வெளிச்சம் இன்னும் இருந்தது. அசையவில்லை. என் விளக்கைப் பார்க்கிறானா, மலையைப் பார்க்கிறானா, இல்லை கீழே ஐஸைப் பார்க்கிறானா, தெரியவில்லை. பிறகு அது மெதுவாக, மிக மெதுவாக வடக்குப் பக்கம் நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து எனக்கு நேர் எதிரே வந்தது. நின்றது. அங்கிருந்து பெரிதாக ஆரம்பித்தது.

"வர்றான்" என்றேன். காற்றில் சைமிக்குக் கேட்டிருக்காது. எனக்குத்தான் சொல்லிக்கொண்டேன்.

ஏரியிலிருந்து மேட்டுக்கு ஏறும் மரப்படிக்கட்டு வழியாக அவன் தலை மேலே வந்த பிறகுதான் நான் விளக்கைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். சைமி கயிற்றை விட்டுவிட்டு அவன்மேல் விழுந்து, அவன் மார்பிலேயே குத்தினாள். அவனுடைய வலது கால் முழங்காலுக்கு மேல்வரை ஐஸ் பிடித்து, விறைத்த குழாய் போல் இருந்தது.

"ஒரு கால் உள்ள போச்சு" என்றான். "அந்த நேரம் பாத்து விளக்கு அணைஞ்சுது. எந்தக் கழுதைடா அணைச்சதுன்னு திட்டினேன்."

"நான்தான்" என்றாள் சைமி.

"அப்புறம் பழைய இடத்துல வெளிச்சம். ஆடவே இல்லை." என்னைப் பார்க்காமல் மீசையிலிருந்த பனியைத் தட்டினான். "தெற்கே தள்ளி வெச்சிருக்கீங்கன்னு எனக்கு எந்தப் பயலும் சொல்லலை."

"வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். வாய் சும்மா இருக்காது.

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் எங்களுக்குப் பின்னால் பெரிய சத்தம் கேட்டது. திரும்பினோம். கல்லும் இல்லை, பெட்ரோமாக்ஸும் இல்லை. நான் நின்ற இடத்தில் காற்றுதான் இருந்தது. கீழே எங்கோ வெளிச்சம் ஒரு தரம் உருண்டு அணைந்தது.

ஆர்வோ அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் இடுப்பிலிருந்த கயிற்றின் முனையை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டான். கார் வரைக்கும் அதை விடவில்லை.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது சவுனா கல் ஆறியிருந்தது. சைமி திரும்பவும் நெருப்பு மூட்டினாள். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, நானும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுநாள் காலை வெயில். வெளியே தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டு ஜன்னலுக்குப் போனேன். ஆர்வோ காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு, கிறிஸ்துமஸிலிருந்து கரையில் கேட்பாரற்றுக் கிடந்த மரங்களைச் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு போனான். ஒன்றில் யாரோ கழற்ற மறந்த வெள்ளி நட்சத்திரம் இன்னும் தொங்கியது. என் வாசலில் நின்றான். கதவைத் திறந்தேன்.

"கோட்டைப் புதுசா பிடிக்கணும்" என்றான். "கோபுரத்தையும் சர்ச் விளக்கையும் வெச்சுப் பாத்தா ஆத்துக்குள்ள போகுது. வேற அடையாளம் வைக்கணும். நான் கீழ ஐஸ்ல நிக்கிறேன். மேல ஒருத்தர் நின்னு காட்டணும்."

"சைமி எங்க?"

"அவ ஆடிக்கிட்டே இருப்பா." கயிற்றைத் தோளில் மாற்றிக்கொண்டான். "நீ வந்து நில்லு அக்கா. நீ நின்னாத்தான் நான் நம்பி நடப்பேன்."

காலணியைத் தேடினேன். கண்ணீர் மறைத்ததால் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது.